இருட்டின் கணக்கு – 17: அணைக்கக் கூடாத சுவிட்ச்

சுழற்சி முறை மின்வெட்டில் எந்தத் தெரு எப்போது இருட்ட வேண்டும் என்று யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் போன வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். அந்த மின்வெட்டுப் பட்டியலில் விலக்கு யாருக்கு, குறிப்பாக எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு விலக்கு தரலாமா என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் இந்த வாரம் முழுக்க ஓர் எண் என் மேஜையை விட்டு நகரவில்லை. 0.4 வினாடி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனில், வேல்ஸ் பகுதியின் தென்மேற்கு மூலையில் மில்ஃபோர்டு ஹேவன் என்ற துறைமுகக் கழிமுகம் இருக்கிறது. அதன் கரையில் டெக்ஸாகோ நிறுவனத்தின் பெம்புரோக் சுத்திகரிப்பு ஆலை. காலையில் இடியும் மின்னலுமாக மழை. மின்னல் தாக்கியதில் ஆலைக்கு வரும் மின்சாரம் 0.4 வினாடி நின்று திரும்பி வந்தது. அதன் பிறகும் மின்னழுத்தம் விட்டு விட்டுத் தாழ்ந்தது. வீட்டில் இருந்திருந்தால் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது போலத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆலைக்கு அது போதுமானதாக இருந்தது. பெரிய மோட்டார்களுக்கு மின்சாரத்தை இணைத்துப் பிடித்திருப்பவை கான்டாக்டர்கள். உள்ளே இருக்கும் காந்தச் சுருளுக்கு மின்னழுத்தம் பாதியாகக் குறைந்தாலே பல கான்டாக்டர்கள் பிடியை விட்டுவிடும். நம் ஊரைப் போலவே பிரிட்டனிலும் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. 0.4 வினாடி என்றால் 20 சுழற்சி. கான்டாக்டர் கைவிட ஓரிரண்டு சுழற்சியே போதும். மின்சாரம் திரும்பி வந்துவிடும், மோட்டார் வராது. யாராவது திரும்ப ஓட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டவும் முடியாது. மோட்டார் கிளம்பும்போது சாதாரண ஓட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எல்லாம் சேர்ந்து இழுத்தால் மின்னழுத்தம் மறுபடி சரியும், மிச்சமிருக்கும் மோட்டார்களும் டிரிப் ஆகும். அதனால் எது முதலில், எது இரண்டாவது என்று வினாடிக் கணக்கில் வரிசை போட்டு வைப்பது ஆலை மின்பொறியாளரின் வேலைகளில் ஒன்று.

பெம்புரோக்கில் பம்புகளும் காற்றுக் குளிர்விப்பு விசிறிகளும் திரும்பத் திரும்ப டிரிப் ஆயின. அதன் விளைவு புரிய வேண்டுமானால் ஆலைக்குள் கொஞ்சம் போக வேண்டும். கச்சா எண்ணெயை உலையில் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். இலேசான ஆவி மேலே ஏறுகிறது. மேலே விசிறிகள் அதைக் குளிர்வித்துத் திரவமாக்குகின்றன. விசிறி நின்றால் ஆவி திரவமாகாது. ஆனால் கீழே உலையின் சூடு ஒரு சுவிட்சில் அணைந்துவிடுவதில்லை. தீயை நிறுத்தினாலும் உலையின் செங்கல்லும் குழாயும் சூட்டை விட நேரம் ஆகும். ஆவி ஏறிக்கொண்டே இருக்கும், அழுத்தம் கூடும், கடைசியில் பாதுகாப்பு வால்வு திறக்கும். பெம்புரோக்கில் அப்படித் திறந்த வால்வுகளிலிருந்து வெளியேறிய ஆவியில் மின்னல் பட்டுத் தீப்பிடித்தது. கச்சா எண்ணெய் பிரிக்கும் பகுதியை மூடினார்கள். ஆலையின் மற்ற பகுதிகளையும் மூடினார்கள். வினையூக்கித் தூளைக் கொண்டு கனமான எண்ணெயைப் பிளக்கும் பிரிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இனி வருவதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. அந்தப் பிரிவில் ஒரு கலத்திலிருந்து திரவம் வெளியேற வேண்டிய வால்வு மூடியே கிடந்தது. கண்ட்ரோல் ரூம் திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டியது. உள்ளே திரவம் வந்துகொண்டே இருந்தது, வெளியே போக வழியில்லை. கலம் நிரம்பியது. மிச்சம், உபரி வாயுவை எரித்துத் தீர்க்கும் ஃபிளேருக்குப் போகும் குழாய்க்குள் புகுந்தது. அது வாயுவுக்கான பாதை, அத்தனை திரவத்தைத் தாங்காது. ஆபரேட்டர்கள் முன்னால் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. வெடிப்புக்கு முந்தைய 10.7 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் வந்த அலாரங்கள் 275. இரண்டரை வினாடிக்குள் ஒன்று. ஒவ்வொன்றையும் படித்து, புரிந்து, ஒப்புக்கொண்டு, என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். மனிதனால் ஆகிற காரியமா அது? அந்த இருவர் மேல் ஒரு சொல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆலை முழுவதும் என்ன நடக்கிறது என்று ஒரே பார்வையில் காட்டும் திரைகூட அவர்களிடம் இல்லை.

பகல் 1:23. அரித்துப்போயிருந்த ஃபிளேர் குழாய் வளைவில் உடைந்தது. சுமார் 20 டன் எரியக்கூடிய ஆவியும் திரவமும் வெளியேறி, மேகமாகப் பரவி, நூறு மீட்டருக்கு அப்பால் தீப்பொறியைத் தொட்டு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆள் குறைவு. 26 பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. தீ முழுவதும் அடங்க இரண்டு நாளுக்கு மேல் ஆனது. பிரிட்டனின் சுத்திகரிப்புத் திறனில் பத்தில் ஒரு பங்கு நாலரை மாதம் முடங்கிக் கிடந்தது. மின்சாரம் போனது 0.4 வினாடி. வெடித்தது ஐந்து மணி நேரத்துக்கும் அதிகமாகக் கழித்து.

வால்வு, அரித்த குழாய், அலாரம், மேற்பார்வை என்று விசாரணையில் பல தவறுகள் வந்தன. மின்சாரம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உறங்கிக் கிடந்த அத்தனை கோளாறையும் ஒரே காலையில் தட்டி எழுப்பியது அந்தச் சிமிட்டல்தான். இந்த விபத்துக்குப் பிறகுதான் அலாரம் எப்படி அமைக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1999-ல் ஒரு வழிகாட்டி நூல் வந்தது. பெரிய கோளாறு நேர்ந்த முதல் பத்து நிமிடத்தில் ஓர் ஆபரேட்டருக்குப் பத்து அலாரத்துக்கு மேல் வரக் கூடாது என்கிறது அது. 275-ஐயும் 10-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மின்சாரத்தை நம்பக் கூடாது என்பது பழைய சுத்திகரிப்பு ஆலைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. முக்கியமான பம்ப் எதுவானாலும் ஜோடியாக வைப்பார்கள். ஒன்று மின் மோட்டாரில் ஓடும். அதன் பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று சிறிய நீராவி டர்பைனில் ஓடும். மின்சாரம் போய் அழுத்தம் குறைந்ததும் நீராவி வால்வு தானே திறந்து இரண்டாவது பம்ப் கிளம்பும். பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப், குளிர்நீர் பம்ப், உலைக்கு எண்ணெய் செலுத்தும் பம்ப் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். உலைக் குழாயில் எண்ணெய் நகராமல் நின்றால் உள்ளேயே கரியாகப் படிந்து குழாயை அடைத்துவிடும். அடிவண்டலாக வரும் கனமான எண்ணெய் ஆறினால் குழாயிலேயே இறுகிவிடும். அதனால்தான் மின்வெட்டு முடிந்த மறு நிமிடம் ஆலை ஓடத் தொடங்குவதில்லை. நமக்கு ஒரு மணி நேர மின்வெட்டு என்றால் ஒரு மணி நேரம். ஆலைக்கு அது பல நாள், சில நேரம் பல வாரம்.

வட சென்னை வாசகர்களுக்கு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் இரவில் தெரியும் சுடர் பழக்கமானது. அதுதான் ஃபிளேர். ஆலைக்குள் தங்க இடமில்லாத வாயுவை வெடிக்கவிடாமல் எரித்துத் தீர்க்கும் வாசல். திடீரென்று மின்சாரம் போனால் அந்தச் சுடருக்கு ஒரேயடியாக வாயு வந்து குவியும். சரியாக எரிய வேண்டுமானால் நீராவியைப் பாய்ச்சிக் காற்றைக் கலக்க வேண்டும். அளவு மீறும்போது நீராவி போதாது, கரும்புகை கிளம்பும். 2005 செப்டம்பர் 12 அன்று லாஸ் ஏஞ்சலஸ் மாநகர மின்வாரியத்தின் துணைமின் நிலையத்தில் நடந்த பிழையால் நகரின் பெரும்பகுதி இருண்டது. அன்று வில்மிங்டன் பகுதி ஆலைகளின் ஃபிளேர்கள் அப்படித்தான் புகைந்தன. புகையைச் சுவாசித்தவர்கள் வேலி ஓரத்துத் தொழிலாளர் குடும்பங்கள். 2003 ஆகஸ்ட் 14-ல் அமெரிக்காவின் வடகிழக்கே இருண்டபோது டெட்ராய்ட் அருகே ஒரு சுத்திகரிப்பு ஆலையில் சிறு வெடிப்பு நிகழ்ந்து, சுற்றியிருந்த நூற்றுக்கணக்கானோரை வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது. எண்ணெய்க் கம்பெனிக்கு எதற்குச் சலுகை என்று கேட்பவர்கள் இந்த வீடுகளை முதலில் நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது கலிஃபோர்னியா. 2001 ஜனவரி 17 அன்று சுழற்சி மின்வெட்டு அங்கே தொடங்கியது. மார்ச்சிலும் மே மாதத்திலும் தொடர்ந்தது. வடக்கே பிஜி அண்ட் இ நிறுவனத்தின் மின்கட்டண ரசீதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொகுதி எண் இருக்கும். 50-ஆம் தொகுதி என்றால் வெட்டு இல்லை. மருத்துவமனையோ தீயணைப்பு நிலையமோ இருக்கும் அதே மின்வழித்தடத்தில் (ஃபீடர்) மாட்டிய வீடுகளுக்கும் அந்த அதிர்ஷ்டம். எங்களுக்கும் 50 வேண்டும் என்று ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் மாநில ஆணையத்தில் குவிந்தன. சுத்திகரிப்பு ஆலைகளும் வரிசையில் நின்றன.

அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. கலிஃபோர்னியாவில் விற்கும் பெட்ரோல் 1996 முதல் தனிப் பக்குவத்தில் வருவது. பெரும்பாலும் அங்குள்ள ஆலைகளே தயாரித்தாக வேண்டும். கிழக்கு மாநிலங்களிலிருந்து கொண்டுவரக் குழாயும் இல்லை. அண்டை மாநிலங்களான நெவாடாவும் அரிசோனாவும்கூட இவர்களை எதிர்பார்த்திருந்தன. பல ஆலைகளில் சொந்த மின் உற்பத்தி இருந்தது, சிலவற்றில் இல்லை. பெனீஷியா ஆலை 2001-லேயே அனுமதி வாங்கி அடுத்த ஆண்டு சொந்த உற்பத்தியைத் தொடங்கியது.

ஆனால் பிரச்சினை ஆலை வாசலோடு நிற்கவில்லை. எரிபொருளைத் தள்ளும் குழாய்ப் பாதையின் பம்ப் நிலையங்கள் சில, 'தட்டுப்பாடு வந்தால் எங்களை முதலில் நிறுத்துங்கள்' என்று குறைந்த கட்டண ஒப்பந்தத்தில் இருந்தன. தட்டுப்பாடு வந்தது, நிறுத்தினார்கள். விமான நிலையங்களுக்குப் போகும் எரிபொருளே தடுமாறியது. கடைசியில் ஆணையம் விலக்குப் பட்டியலில் சுத்திகரிப்பு ஆலைகளோடு நிற்காமல், அவற்றைச் சார்ந்த முக்கிய இடங்களையும் எரிபொருள் சங்கிலியில் இன்றியமையாதவர்களையும் சேர்த்தது. சரியான முடிவு. ஆலைக்கு மட்டும் விலக்கு தந்து பம்ப் நிலையத்தை இருட்டில் விட்டால் தொட்டி நிரம்பி ஆலையே நிற்க வேண்டி வரும்.

இருபது ஆண்டு கழித்து டெக்ஸஸ் இந்தப் பாடத்தை விலை கொடுத்துப் படித்தது. 2021 பிப்ரவரி 15, நள்ளிரவு கடந்து 2 மணிக்குச் சற்று முன். கடும் பனியில் மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக விழ, மின்வலையின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸிலிருந்து 59.302-க்கு இறங்கியது. 59.4-க்குக் கீழே 4 நிமிடம் 23 வினாடி நின்றது. 9 நிமிடம் நின்றிருந்தால் மிச்ச ஜெனரேட்டர்களும் தானாகக் கழன்றிருக்கும். காப்பாற்ற மின்சாரத்தை வெட்டினார்கள், உச்சத்தில் 20,000 மெகாவாட் வரை. வெட்டியவற்றில், மின் நிலையங்களுக்கே எரிவாயு அனுப்பும் கம்ப்ரஸர்களும் அடக்கம்! மின்சாரம் இல்லாமல் எரிவாயு குறைந்தது. எரிவாயு குறைந்ததால் மின்சாரம் இன்னும் குறைந்தது. நாங்கள் முக்கியமானவர்கள், வெட்டாதீர்கள் என்று தெரிவிக்க இரண்டு பக்கப் படிவம் இருந்தது. பல நிறுவனங்கள் அதை நிரப்பவே இல்லை. இன்னும் சில, காசு வாங்கிக்கொண்டு வெட்டுக்குச் சம்மதித்த பட்டியலில் இருந்தன. அமெரிக்காவிலேயே மிகப் பெரியதான போர்ட் ஆர்தர் மோட்டிவா ஆலை உட்பட வளைகுடாக் கரை ஆலைகள் பல நின்றன. சொந்த ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் தப்பிவிட முடியாது, அதற்கான எரிவாயு வெளியிலிருந்து வர வேண்டியிருந்தால் அதுவும் நிற்கும். அந்த ஆண்டு ஜூனில்தான் சட்டம் போட்டு எரிவாயுச் சங்கிலியை வரைபடமாக்கச் சொன்னார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. சுத்திகரிப்பு ஆலைக்கு விலக்கு கொடுக்க வேண்டும், சங்கிலி முழுவதற்கும் கொடுக்க வேண்டும். தட்டுப்பாடு வருவதற்கு முன்பே பட்டியல் எழுதி முடிந்திருக்க வேண்டும். பதிலுக்கு, பாதுகாப்பாக நிற்கத் தேவையான அளவு மின்சாரத்தையாவது ஆலை தன் வளாகத்திலேயே உற்பத்தி செய்ய வேண்டும். ஃபிளேர் எப்போது, ஏன் எரிந்தது என்ற பதிவைப் பக்கத்து ஊர் மக்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். விலக்கின் சுமையைச் சுமப்பது அவர்கள்தான்.

இலங்கையின் சப்புகஸ்கந்த ஆலையை இந்த வாரமே சேர்க்க நினைத்தேன், இடம் போதவில்லை. 2022-ல் அங்கே கதை தலைகீழ். கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் ஆலை நின்றது. அந்த ஆலை தரும் நாஃப்தாவை எரிக்கும் மின் நிலையம் களனிதிஸ்ஸவில் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. அடுத்த வாரம் முழுக்க அதுதான். மணலியிலோ சப்புகஸ்கந்தவிலோ நரிமணத்திலோ ஷிஃப்ட் பார்த்தவர்கள் இந்தத் தொடரின் வாசகர்களில் இருந்தால், திடீரென்று மின்சாரம் போன ஓர் இரவில் கண்ட்ரோல் ரூமில் என்ன நடந்தது என்று ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள். புதன்கிழமைக்குள் கிடைத்தால் அடுத்த இதழிலேயே சேர்த்துவிடலாம்.