மூழ்குமுன் மூட்டை கட்டுதல்

கடலில் மூழ்குதல் என்றதும் பவளப்பாறைகளும் வண்ண மீன்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அக்காட்சியைக் காணச் செல்பவன் கரையில் சுமக்க வேண்டிய சுமையைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. ஸ்கூபா கருவிகளுடன் மூழ்கிப் பழகிவருபவன் என்ற முறையில், அதனை இங்கு விளக்க விரும்புகிறேன்.

படகிலிருந்து குதிப்பது வேறு; கரையிலிருந்து நடந்து சென்று இறங்குவது வேறு. படகில் உதிரிப் பொருள்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கும். கரைவழி இறங்குபவனுக்கோ அவன் கொண்டுவந்தவை மட்டுமே துணை.

இந்தோனேசியாவின் பாலித் தீவில் துலம்பென் என்னும் சிற்றூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்ட லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் இங்கே கரையேற்றப்பட்டது. 1963-இல் ஆகுங் எரிமலை சீறியபோது அது கடலுக்குள் சரிந்தது. கரைக்கு மிக அருகில் கிடப்பதால், படகின்றியே சென்று காணலாம். ஆனால் கரையில் மணலுக்குப் பதிலாக வழுக்கும் கருங்கூழாங்கற்கள் நிறைந்துள்ளன. அவ்வூர்ப் பெண்கள் சும்மாடு வைத்துச் சிலிண்டர்களைத் தலையில் சுமந்து செல்கின்றனர்.

அந்தச் சிலிண்டரில் இருப்பது பிராணவாயு என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது நாம் சுவாசிக்கும் காற்றேதான். 11 லிட்டர் கொள்ளளவில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2200 லிட்டர் காற்று அடைபட்டிருக்கும். அக்காற்றின் எடை மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல்! ஈயக்கட்டிகள், மிதவைச் சட்டை, ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்தால் ஒருவன் சுமை சுமார் 25 கிலோ ஆகிவிடும்.

வண்டியில் சிலிண்டரைப் படுக்கவைத்து, உருளாதபடி முட்டுக்கொடுத்துக் கட்ட வேண்டும். வெயிலில் விடலாகாது. 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குச் சூடேறினால், 200 பார் அழுத்தம் 220 ஆகும் என்பதை வகுப்பில் படித்த வாயு விதியே சொல்லும்.

பையில் அடுக்கும் முறை எளிது: கடைசியில் அணிவது அடியில், முதலில் அணிவது மேலே. கால்துடுப்புகளை இடுப்பளவு நீரில்தான் மாட்டுகிறோம். ஆகவே அவை அடியில். ரப்பர் உடை மேலே. முகக்கண்ணாடி அதன் பெட்டிக்குள். ஈயக்கட்டிகளுக்குத் தனிப்பை, மற்றவற்றோடு போட்டால் அவை ரெகுலேட்டரை நசுக்கிவிடும். சிறு டப்பாவில் உதிரி ரப்பர் வளையங்களும் வார்களும் இருக்கட்டும். புறப்படுமுன் பட்டியலைப் பார்த்துத் தொட்டுத் தொட்டு எண்ண வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? இரண்டு கிலோ ஈயம் குறைந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். காற்று நிறைந்திருக்கும்போது அக்குறை அவ்வளவாகத் தெரியாது. காற்று செலவாகச் செலவாகச் சிலிண்டரின் எடை குறையும். திரும்பும் வேளையில், மேலெழுமுன் 5 மீட்டர் ஆழத்தில் சற்று நிற்க வேண்டிய இடத்தில், நிற்க முடியாமல் உடல் மேலே இழுக்கப்படும். கட்டுப்பாடின்றி மேலெழுந்தால் நுரையீரலில் காற்று விரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கரையில் நிற்கும்போதோ, இத்தனை தூரம் வந்துவிட்டோம், இந்த ஒன்று இல்லாவிட்டால் என்ன என்று மனம் சமாதானம் சொல்லும். அலையைவிட அஞ்சத்தக்கது இச்சமாதானமே. அதற்கு இடந்தராத ஒரே வழி, வீட்டிலேயே பட்டியலைச் சரிபார்த்தல். அப்படியும் ஏதேனும் விடுபட்டிருந்தால், அன்று கடலைக் கண்டு களித்துத் திரும்புவதே அறிவுடைமை.

துலம்பென் பெண்கள் சிலிண்டரைத்தான் சுமந்து தருவார்கள். சரிபார்க்கும் பொறுப்பை மூழ்குபவனே சுமக்க வேண்டும்.