கூட்டில் அடைபடும் இசைத்தட்டு

பழம்பொருள்களின் தரத்தைத் தேர்ந்து, எண்ணிட்டு, திறக்கவொண்ணாத கூட்டில் அடைத்துத் தரும் தொழில் அமெரிக்காவில் நாணயங்களைக் கொண்டு வளர்ந்தது. 1986-இல் அங்குத் தோன்றிய ஒரு நிறுவனம், நாணயத்தைத் தெளிந்த பிளாஸ்டிக் கூட்டில் வைத்து மூடி, தரத்தையும் அதன்மேல் குறித்துத் தந்தது. 1991-இல் விளையாட்டு வீரர்களின் படச்சீட்டுகளும் 2000-இல் சித்திரக்கதைப் புத்தகங்களும் இவ்வாறே கூடு புகுந்தன. அண்மையில் இசைத்தட்டுகளின் முறை வந்திருக்கிறது. கடையுறை பிரிக்கப்படாத தட்டுகளுக்கே இதில் தனி மதிப்பு. பத்துக்கு இத்தனை என்று ஓர் எண் ஏறியதும் விலையும் ஏறுகிறது.

நாணயத்தைக் கூட்டில் வைப்பதால் இழப்பொன்றுமில்லை. அதன் இருபுறமும் கண்ணுக்குத் தெரிகின்றன. இசைத்தட்டோ காதுக்காகச் செய்யப்பட்டது. உறை பிரியாத தட்டுக்கு எண்ணிடுவோர் காண்பது அட்டையின் மூலைகளையும் மேலே சுற்றிய மெல்லிய தாளையும்தான். நடுத்துளை விலகியிருக்கிறதா, அச்சில் பிழை நேர்ந்து இரைகிறதா என்பதை ஊசி வைத்துப் பார்த்தாலன்றி அறிய இயலாது. பிரித்த தட்டிலும் கண் ஏமாறும். பளபளக்கும் தட்டு, கனத்த ஊசியால் வரிப்பள்ளம் தேய்ந்து கரகரக்கலாம். கீறல் தெரியும் தட்டு தடையின்றிப் பாடவும் கூடும். இதனாலன்றோ நேர்மையான வியாபாரிகள், கண்ணால் பார்த்த தரமா, ஓட்டிக் கேட்ட தரமா என்று பிரித்துச் சொல்வது! அன்றியும், தாளைச் சூடேற்றிச் சுற்றும் இயந்திரம் அரிய பொருளன்று. பிரித்த தட்டை மறுபடியும் சுற்றிப் புதியதென விற்கும் மோசடியைச் சேகரிப்போர் நன்கறிவர்.

தமிழ்த் தட்டுகளுக்கு இந்த அளவுகோல் பொருந்துமா? 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டு பதிவான காலந்தொட்டு, இந்தியாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் வழங்கியவை அரக்குத் தட்டுகள். அவை நடுவில் வட்டமாக வெட்டிய காகித உறையில் வந்தன. கடையில் ஓட்டிக் கேட்டபின் வாங்குவதும் வழக்கமாயிருந்தது. உறை பிரியாத தட்டு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. (பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைக்கூட 1960-களில் இந்தியாவில் அரக்குத் தட்டில் அச்சிட்டனர், மேல்நாட்டார் அவற்றைப் பெருவிலை கொடுத்துத் தேடுகின்றனர்.)

எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், தம் 27-ஆம் வயதில் மறைந்தார். பேசும்படத்தில் அவர் தோன்றவில்லை. நாடக மேடையை ஆண்ட அக்குரலுக்கு இன்று சான்று அவருடைய தட்டுகளே. எம். எஸ். சுப்புலட்சுமி 1926-இல், பத்து வயதுச் சிறுமியாகப் பாடியதும் தட்டில்தான் பதிந்தது. இவர்களைப் போன்ற புகழுடையோரின் பாடல்கள் மறுபதிப்புக் கண்டன. பெயர் மங்கிப்போன நாடகக்காரர், நாதசுரக்காரர் பலருக்கு அந்தப் பேறு இல்லை. எஞ்சிய ஒரு படி எவர் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ, பாட்டும் அங்கேதான் கிடக்கிறது. அத்தகைய தட்டைக் கேட்காமலும் படியெடுக்காமலும் கூட்டில் அடைப்பது, ஏட்டுச்சுவடியை அவிழ்க்காமலே பூசை செய்வதை ஒக்கும்.

1990-இல் பம்பாயில் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தார் வேறு வழியில் சென்றனர். யங் இந்தியா என்னும் பம்பாய் நிறுவனத்தின் தட்டுகள், பிரிட்டிஷ் நூலகத் திட்டமொன்றின் உதவியால் ஒலிப்படி எடுக்கப்பட்டன. தட்டு உடைந்தாலும் பாட்டு நிற்கும்.

பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் பழந்தட்டுகளைப் புரட்டுவோரும், பிரிக்ஃபீல்ட்சிலோ கிள்ளானிலோ ஸ்ரீ கெம்பாங்கானிலோ பாட்டனார் விட்டுச்சென்ற பெட்டியை வைத்திருப்போரும் இதனைக் கருதுதல் வேண்டும். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் தட்டுக்குப் பகை. கூடு தூசியைத் தடுக்கும்; வெயிலில் நின்ற காருக்குள் வினைல் தட்டு வளைவதைத் தடுக்காது. ஈரத்தோடு மூடிய அட்டையில் பூஞ்சணம் உள்ளேயே வளரும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைத்தல் நன்று. அரக்குத் தட்டின் வரிப்பள்ளம் அகன்றது. நெடுநேரத் தட்டின் நுண்ணிய ஊசி அதற்கு உதவாது, அகன்ற ஊசி வேண்டும். துடைக்கும்போது மற்றொன்றும் நினைவிருக்கட்டும்: ஆல்கஹால் கலந்த திரவம் அரக்குத் தட்டின்மேல் படலாகாது, அரக்கு அதில் கரைந்துவிடும்.