கண்ணைத் திருப்பும் மூளை

பக்கவாதத்தால் திடீரென்று நினைவிழந்து கிடக்கும் ஒருவரைப் பார்க்க வரும் அநுபவமுள்ள வைத்தியர், கைகால்களைச் சோதிப்பதற்கு முன்னரே கண்களைக் கவனிப்பதுண்டு. சிலருக்கு விழிகள் இரண்டும் ஒருசேர ஒரே பக்கமாகத் திரும்பி நின்றுவிடும். பெருமூளையின் வலப்பாதி சேதமடைந்திருந்தால் பெரும்பாலும் அவை வலப்பக்கமாகத் திரும்பியிருக்கும். பழுதுபட்ட இடத்தையே உற்று நோக்குவன போலத் தோன்றும். 1868-ஆம் ஆண்டில் பிரெவோ என்ற மருத்துவர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். வலிப்பு நோயிலோ நிலைமை நேர்மாறானது. வலப்பாதியின் முன்பகுதியில் வலிப்புக் கிளம்பினால் விழிகள் இடப்பக்கமாக இழுக்கப்படுகின்றன. முன்னதில் ஓர் இடம் செயலிழந்துவிட்டது. பின்னதில் அதே இடம் வரம்பு மீறிச் செயற்படுகிறது. எனவே, இடப்பக்கம் நோக்கச் செய்யும் ஏதோ ஒன்று வலப்பாதியில் இருக்கிறது என்று ஊகிக்கலாம். ஊகம் மெய்யா என்று அறிய வேண்டுமாயின், அவ்விடத்தை நாமே தூண்டிப் பார்க்க வேண்டும்.

கண்ணின் அசைவு எத்தகையது என்பதை முதலில் சிறிது நினைவுகொள்வோம். ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. நாம் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது பார்வை வரிமீது வழுக்கிச் செல்வதாக எண்ணுகிறோம். உண்மையில் அது தாவித் தாவிச் செல்கிறது. விநாடிக்கு ஏறக்குறைய மூன்று தாவல்கள். பெரிய தாவலில் விழியின் வேகம் விநாடிக்கு 500 பாகையையும் கடந்துவிடும். குதிரையின் கடிவாளத்தை வெடுக்கென்று இழுப்பதைக் குறிக்கும் 'சக்காட்' என்ற பிரெஞ்சுச் சொல்லையே விஞ்ஞானிகள் இந்தத் தாவலுக்குப் பெயராக வைத்திருப்பது மிகவும் பொருத்தமே.

1870-இல் பெர்லினில் பிரிட்ஷ், ஹிட்சிக் என்னும் இருவர் நாயின் மூளைமீது மெல்லிய மின்சாரம் செலுத்தினால் அதன் உடல் அசைவதைக் காட்டினார்கள். அவர்களைப் பின்பற்றி இங்கிலாந்தில் டேவிட் பெரியர் குரங்குகளின் மூளையை ஆராய்ந்தார். முன்மடலில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தூண்டியவுடன் குரங்கின் கண்கள் அகல விரிந்தன, பாப்பா பெரிதாயிற்று, தலையும் விழிகளும் எதிர்ப்பக்கம் திரும்பின. 1876-இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்த பெரியர், இது வெறும் தசை இழுப்பாகத் தோன்றவில்லை, எதையோ கண்டு கவனம் கொண்ட பிராணியின் தோற்றமாகவே இருக்கிறது என்று கருதினார். மின்சாரம் அசைத்தது கண்ணையா, கவனத்தையா? இக்கேள்விக்கு விடை காண நெடுங்காலம் சென்றது.

பெரியருக்கு வேறொரு தொல்லையும் நேர்ந்தது. பிராணிவதையை எதிர்த்தவர்கள் 1881-இல் அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். அறுவையைச் செய்தவர் உரிமம் பெற்ற வேறொருவர் என்று தெரியவந்ததால் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆனால் வழக்கு எழுப்பிய வினா தள்ளுபடியாகிவிடவில்லை. மூளைத் திசுவுக்கு வலியுணர்வு கிடையாது என்பது மெய்தான். ஆயினும், தலை அசையாதவாறு பொருத்தப்பட்டு நெடுநேரம் அமர்ந்திருக்கும் குரங்கின் துன்பத்தை அந்த ஒரு வாக்கியத்தால் துடைத்துவிட முடியாது. கீழே சொல்லப்போகும் அறிவில் பெரும்பகுதி அவ்வாறு பெறப்பட்டதே.

கண் திரும்புகிறது என்றால் போதாது. எவ்வளவு, எத்திசையில், எவ்வளவு விரைவில் என்று அளந்தாக வேண்டும். 1963-இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ராபின்சன் அதற்கு வழி கண்டார். கண்ணின் வெண்படலத்தில் மெல்லிய கம்பிச் சுருளை அணிவித்து, காந்தப் புலத்தினுள் தலையை வைத்தால், விழி திரும்பும்போதெல்லாம் சுருளில் எழும் மின்சாரம் மாறும்; அதிலிருந்து அசைவைத் துல்லியமாகக் கணிக்கலாம். 1972-இல் அவர் விழித்திருக்கும் குரங்கின் நடுமூளையில் மயிரிழை போன்ற மின்முனையைச் செலுத்தினார். நடுமூளையின் முதுகுப்புறத்தில் சிறு குன்றுகளைப் போன்ற நான்கு மேடுகள் உள்ளன. அவற்றில் மேலிரண்டே அவர் ஆராய்ந்த இடம்.

அங்கே கண்டது வியப்பூட்டுவது. மின்சாரம் ஓர் எல்லையைத் தாண்டியதும் விழி ஒரு தாவல் தாவியது. மின்சாரத்தை மேலும் கூட்டினால் தாவலும் பெரிதாகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஆகவில்லை. தாவலின் அளவையும் திசையையும் நிர்ணயித்தது மின்சாரத்தின் வலிமையன்று. மின்முனை நின்ற இடமே. மேட்டின் முன்பகுதியைத் தூண்டினால் சிறு தாவல், பின்பகுதியைத் தூண்டினால் பெருந்தாவல். இடப்பக்க மேட்டைத் தூண்டினால் விழி வலப்பக்கம் செல்லும். தூண்டுதலை நீட்டித்தால் விழி ஒரே பெருந்தாவலாகத் தாவாமல், சம அளவுள்ள தாவல்களாகப் படிப்படியாகச் சென்றது. எல்லைக்கு மிக அருகிலுள்ள குறைந்த மின்சாரத்தில் தாவல் சிறிது குறுகும் என்று பின்னர் அறிந்தார்கள். பொது விதி அதனால் குலையவில்லை. சுருங்கக் கூறின், அம்மேட்டின்மீது பார்வையின் தேசப்படம் ஒன்று விரிந்து கிடக்கிறது; படத்தில் விரல் வைத்த ஊருக்குக் கண் பயணப்படுகிறது.

இவ்வாறு தூண்டப்பட்ட தாவலை மூளை அறிகிறதா? ஸ்பார்க்ஸ், மேஸ் என்னும் இருவர் 1980-ஐ அடுத்த ஆண்டுகளில் செய்த பரிசோதனை எனக்கு இவற்றுள் மிக அழகியதாகத் தோன்றுகிறது. இருட்டில் ஒரு விளக்கைக் கணநேரம் மின்னி அணையச் செய்தார்கள். அதை நோக்கிக் குரங்கு கண்ணைத் திருப்புவதற்குள் மேட்டைத் தூண்டி, விழியை வேறொரு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். விளக்கோ அணைந்துவிட்டது, வழிகாட்ட ஒன்றுமில்லை. ஆயினும் குரங்கு அடுத்த தாவலில் விளக்கு இருந்த இடத்தையே சென்று பார்த்தது. தன் கண் எங்கே இழுத்துச் செல்லப்பட்டது என்ற கணக்கு அதன் மூளையில் இருந்திருக்க வேண்டும்.

ஓரிடத்தைத் தூண்டினால் கண் அசைகிறது என்பதனாலேயே அவ்விடமின்றிக் கண் அசையாது என்று முடிவு கட்டலாகாது. 1980-இல் ஷில்லரும் அவருடைய துணைவர்களும் இதைச் சோதித்தனர். மேடுகளை மட்டும் நீக்கியபோதும், முன்மடலின் கண்புலத்தை மட்டும் நீக்கியபோதும் குரங்கு பார்வையைத் திருப்பும் திறனைப் பெரிதும் மீட்டுக்கொண்டது. இரண்டையும் நீக்கியபோதுதான் திறன் அறவே குன்றிற்று. ஊருக்கு இரண்டு பாதைகள் இருந்தால் ஒன்றை அடைத்தாலும் வண்டி போய்ச் சேருமல்லவா?

பெரியரின் கேள்வி 2001-இல் மீண்டும் உயிர்பெற்றது. மூரும் பல்லாவும் முன்மடலின் கண்புலத்தைத் தூண்டினார்கள். ஆனால் கண்ணை அசைக்கப் போதாத அளவுக்கு மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். கண் நகரவில்லை. எனினும், தூண்டப்பட்ட இடத்துக்கு உரிய திசையில் ஒரு விளக்கின் ஒளி சிறிது மாறினால் குரங்கு அதை முன்னிலும் நன்றாகக் கண்டுபிடித்தது. 2003-இல் மூரும் ஆம்ஸ்ட்ராங்கும், அவ்வாறு தூண்டும்போது பார்வைக்குரிய பிற்பகுதி நரம்பணுக்களும் அத்திசைப் பொருளுக்கு அதிகமாக விடையளிப்பதைக் காட்டினார்கள். பார்வையைத் திருப்பும் இடமும் கவனத்தைத் திருப்பும் இடமும் நெருங்கிய உறவுடையவை என்பதற்கு இவை வலிய சான்றுகள். பெரியர் கண்ட விரிந்த கண்களுக்கு ஏறக்குறைய 125 ஆண்டுகளுக்குப் பின் விளக்கம் கிடைத்தது.

மனிதரிடம் இப்படிச் செய்யலாமா? அறுவை மேசையில் விழித்திருந்த வலிப்பு நோயாளிகளின் மூளையைச் சிகிச்சையின் பொருட்டுத் தூண்டிய மான்ட்ரியால் வைத்தியர் பென்பீல்டு, அவர்களுடைய விழிகளும் எதிர்ப்பக்கம் திரும்புவதைக் கண்டார். மண்டையோட்டைத் திறக்காத முறை 1985-இல் ஷெபீல்டில் பார்க்கரும் அவர் குழுவினரும் காட்டிய காந்தத் தூண்டல். தலைமீது ஒரு சுருளை வைத்துக் கணநேரம் வலிய காந்தப் புலத்தை எழுப்பினால் உள்ளே மூளையில் மின்னோட்டம் பிறக்கிறது. கண்புலத்தின்மேல் அதைப் பிடித்தால், குரங்கின் கண்ணைப்போல் மனிதனுடைய கண் தாவிவிடுவதில்லை. அவன் தானே தொடங்கவிருந்த தாவல்தான் சிறிது தாமதிக்கிறது. 2006-இல் லண்டனில் ரப் என்பவரும் துணைவர்களும் இத்தூண்டலை மூளைப் படமெடுப்புடன் இணைத்தார்கள். முன்மடலைத் தூண்டியபோது, தலையின் பின்புறத்திலுள்ள பார்வைப் பகுதியில், ஓரப் பார்வைக்குரிய இடங்களின் செயல் மிகுந்தது. நடுப் பார்வைக்குரிய இடங்களின் செயல் குறைந்தது. கண்ணை அசைக்காமல் அமர்ந்திருந்தவர்களுக்கு, ஓரத்தில் இருந்த உருவம் நடுவில் இருந்ததைவிடத் தெளிவாகத் தோன்றியது.