புரை விழவில்லை, பார்வை போனது

2024 ஜூன் 19. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குக் கருணாபுரத்திலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு. கூடவே, கண் எரிகிறது, கண்ணே தெரியவில்லை என்ற தவிப்பு. முந்தின நாள் பாக்கெட்டில் வாங்கிக் குடித்த சாராயத்தில் மெத்தனால் இருந்தது. நிலைமை மோசமானவர்களைப் புதுச்சேரி ஜிப்மருக்கும் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். 65க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதைகள் எரிந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. செத்தவர்களின் கணக்கு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பிழைத்தவர்களின் கண்ணைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசவில்லை.

நம் ஊரில் யாருக்காவது பார்வை மங்கினால், 'புரை விழுந்திருக்கும்' என்பதுதான் முதலில் வரும் பேச்சு. வயதானவர்களுக்குத்தான் புரை வரும் என்றில்லை. சர்க்கரை நோய், நாள்பட எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டு மருந்து, கண்ணில் பட்ட அடி என ஏதாவது ஒன்றால் முப்பது வயதிலும் வரும். ஆனால் புரைக்கு வழி இருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வெளுத்துப்போனால் அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கலாம். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அந்த அறுவை சிகிச்சையைக் கூலித் தொழிலாளிக்கும் எட்டும்படி செய்தது. மெத்தனால் தாக்கும் இடம் வேறு. லென்ஸை அது தொடுவதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குக் காட்சியைக் கொண்டுபோகும் பார்வை நரம்பைத்தான் அழிக்கிறது. ஒவ்வொரு கண்ணிலும் சுமார் 12 லட்சம் இழைகள் கொண்ட அந்த நரம்பு ஒருமுறை செத்துவிட்டால் திரும்ப முளைக்காது. மாற்றி வைக்கவும் முடியாது.

மெத்தனால் அப்படியே இருந்தால் இவ்வளவு கெடுதல் செய்யாது. அதை விஷமாக்குவது நம் ஈரல்தான். சாதாரணச் சாராயமான எத்தனாலை உடைக்கிற அதே நொதி மெத்தனாலையும் உடைக்கிறது. முதலில் ஃபார்மால்டிஹைடு ஆகிறது. அடுத்த கட்டத்தில் ஃபார்மிக் அமிலம் ஆகிறது. கட்டெறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அதில் இருப்பதும் இந்த அமிலம்தான். செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் கடைசிப் படியை அது அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லால் பயன்படுத்த முடியாது. பார்வை நரம்பு இடைவிடாமல் வேலை செய்வது, ஆற்றல் நிறைய வேண்டியது. அதனால் அதுதான் முதலில் தவிக்கிறது.

எலிகளுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஃபார்மிக் அமிலத்தை வெளியேற்ற ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். எலியின் ஈரலில் அது தாராளமாக இருக்கிறது, மனிதனுக்கும் குரங்குக்கும் குறைவு. எலியை வைத்துப் பார்த்தவர்களுக்கு மெத்தனாலின் முழுக் கொடூரமும் புரியாமல் போனதற்கு இதுவே காரணம்.

கல்வராயன் மலையில் போலீஸ் அழிக்கும் ஊறலையும் இந்த மெத்தனால் சாராயத்தையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. வெல்லத்தையும் மரப்பட்டையையும் ஊறவைத்துக் காய்ச்சும் சாராயமும் உடம்பைக் கெடுக்கும்தான். ஆனால் புளித்து வருவதில் மெத்தனால் சொற்பம். ஊர் ஊராகச் சாவு விழுவது, பெயிண்டுக்கும் பிசினுக்கும் ரசாயனத் தொழிற்சாலையில் பயன்படும் மெத்தனாலை வாங்கித் தண்ணீரில் கலந்து விற்கும்போது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் நடந்ததும் அதுதான். நாக்குக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாது. சுத்தமான மெத்தனால் 10 மில்லி போதும் கண் போக. இரண்டு தேக்கரண்டி அளவுதான்.

என் மனதை அதிகம் உறுத்துவது அந்த இடைப்பட்ட நேரம். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. ஈரல் விஷத்தைத் தயாரித்து, அமிலம் சேர்ந்து முடிக்க 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும், ஏனென்றால் ஈரல் எத்தனாலைத்தான் முதலில் கவனிக்கும். மறுநாள் தலை கனக்கிறது, வயிறு புரட்டுகிறது. நேற்றைய போதை தெளியவில்லை என்று நினைத்துப் படுத்துக்கொள்கிறார்கள். பிறகு கண்முன் பனி கொட்டுவதுபோல் வெள்ளையாகிறது. கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது, இது கள்ளச்சாராயத்தால் அல்ல என்றே மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது. அந்தச் சொல்லை நம்பி வீட்டிலேயே இருந்தவர் எத்தனை பேர் என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஒவ்வொரு மணி நேரமும் நரம்பின் ஒரு பங்கு.

அந்த நேரத்துக்குள் வந்துவிட்டால் மருத்துவரால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. ஃபோமெபிசோல் என்ற மருந்து ஈரலின் நொதியைக் கட்டிப்போடும். மெத்தனால் அமிலமாகாமல் மெல்ல வெளியேறும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அது கிடைக்காத இடத்தில் மருத்துவமனையிலேயே அளந்து எத்தனால் கொடுப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டில் இன்னும் குடிக்க வைப்பது கொலைக்குச் சமம். ரத்தத்தின் புளிப்பைத் தணிக்க சோடியம் பைகார்பனேட், அமிலத்தை வெளியேற்ற ஃபோலேட், எல்லாவற்றுக்கும் மேலாக டயாலிசிஸ். மெத்தனாலையும் ஃபார்மிக் அமிலத்தையும் சேர்த்தே இழுத்துவிடும் சிகிச்சை அது ஒன்றுதான்.

சிலருக்கு முதல் வாரம் பார்வை தெளியும். வீட்டில் சந்தோஷப்படுவார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடி மங்கும், அடிபட்ட இழைகள் மெல்ல உதிர்ந்துகொண்டிருக்கும். அதனால் வீடு திரும்பியவர்களையும் மாதக்கணக்கில் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். கருணாபுரத்தில் இன்றும் அதற்கு அவசியம் இருக்கிறது.

அப்படிப்பட்டவர் ஒருவர் கண் முகாமுக்கு வருகிறார் என்று வையுங்கள். புரைதான், எடுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டார் கைபிடித்து அழைத்து வந்திருப்பார்கள். மருத்துவர் டார்ச் அடிப்பார். அகலத் திறந்த கருவிழியின் நடுத்துளை வெளிச்சம் பட்டும் சுருங்காது. லென்ஸ் பளிங்காக இருக்கும். அதைத் தாண்டி உள்ளே பார்த்தால், பார்வை நரம்பின் முனை தெரியும். ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக இருக்க வேண்டிய அந்தச் சின்ன வட்டம், சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துக் கிடக்கும்.