செல்போன் சலான் வந்திருக்கா? கட்டுறதுக்கு முன்னாடி படத்தைப் பாருங்க!

வண்டி ஓட்டும்போது மெசேஜ் பார்த்ததாக இ-சலான் வந்திருக்கிறதா? அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் வழக்கு அதோடு முடிந்துவிடும். பிறகு 'நான் செய்யவே இல்லை' என்று வாதாடுவது கஷ்டம்.

பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண்ணைக் கொடுத்துப் படத்தைப் பாருங்கள். வண்டி உங்களுடையதுதானா? தேதி, இடம் சரியா? கையில் இருப்பது செல்போன்தானா? கவனம் சிதறாமல் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்த, 2020 அக்டோபர் முதல் விதியில் இடம் உண்டு.

தப்பு நம்ம மேலதான் என்றால் கட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் முதல் முறைக்கு அபராதம் 1,000 ரூபாய். வக்கீல் ஃபீஸ் அதைவிட அதிகமாகலாம்.

தப்பே செய்யவில்லை என்றால் வக்கீலைப் பாருங்கள். முதல் சலான் பதிவாகிவிட்டால், 3 ஆண்டுக்குள் மறுபடி சிக்கும்போது அபராதம் 10,000 ரூபாய். லைசென்ஸையும் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம். ஆட்டோ, டெலிவரி ஓட்டுபவர்களுக்கு அதுதானே சோறு!

சலான் நகல், ஆர்.சி., லைசென்ஸ், அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததற்கான ஆதாரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஃபீஸ் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கையில் காசில்லையா? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் வருபவர்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100-க்குக் கூப்பிடுங்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு!