டப்லி சூடேறும் நேரம்

காலை ஆறே முக்கால். ஜனவரிப் பனி. விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே வருகிற ரிக்‌ஷா கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சத்தம் வருகிறது! கல்லூரி கேட்டுக்கு இன்னும் நூறு அடி இருக்கும்போதே, இருபது முப்பது தொண்டைகள் ஒரே மூச்சில் அடிவயிற்றிலிருந்து ‘ஆ...’ என்று இழுப்பது பனியைத் துளைத்துக்கொண்டு வருகிறது. என் அண்ணன் மகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, செருப்பைக் கழட்டிட்டு வாங்க. வட்டத்துக்குள்ள செருப்போட வரக் கூடாது.”

ஈரப் புல்லில் வெறுங்காலை வைத்ததும் உச்சந்தலை வரை சிலிர்த்தது. டெல்லியில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், எத்தனையோ கல்லூரி நாடகங்களை வட்டத்துக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பத்து நாள் ஒத்திகைக்குக் கூடவே இருக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டெல்லிப் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளில் நாடகக் குழு என்றால் அது தனி உலகம். முதலாமாண்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்த சூட்டோடு ஆள் தேர்வு. மழைக்காலம் முழுக்க, எதைப் பற்றி நாடகம் போடலாம் என்று சண்டை. தீபாவளிக்குள் ஒரு ஸ்கிரிப்ட் மாதிரி ஏதோ உருவாகியிருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு கல்லூரியிலும் விழா, ஒவ்வொரு விழாவிலும் தெருமுனை நாடகப் போட்டி. ‘நுக்கட்’ என்பார்கள், தெருமுனை என்றுதான் அர்த்தம். மைக் கிடையாது, மேடை கிடையாது, திரை கிடையாது. நாலு பக்கமும் ஜனம். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்கோ முதுகைக் காட்டியாக வேண்டும். அதனால்தான் இந்தத் தொண்டைப் பயிற்சி. அதிமதுரத் துண்டு ஒன்று இல்லாத பை ஒன்றுகூட அந்தப் புல்வெளியில் இல்லை. வாயில் ஒதுக்கிக்கொண்டேதான் பேசுகிறார்கள்!

முதல் நாள் நான் பார்த்த அதிசயம் நாடகமே அல்ல, ஒரு டப்லி. வட்டமான மரச் சட்டத்தில் தோல் கட்டிய, கையில் பிடித்து அடிக்கிற வாத்தியம். பனியில் தோல் நெகிழ்ந்து, அடித்தால் ‘தொப்’ என்கிறது. வாசிக்கிற பெண் அதைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கடைக்காரர் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைக் காட்டினார். கேட்கவே இல்லை, தினமும் நடக்கிறது போலிருக்கிறது. டப்லியை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, தோசையைத் திருப்புவது போல மெல்ல மெல்லச் சுற்றினாள். நடுவில் நகத்தால் ஒரு சுண்டு. தொப். இன்னும் சுற்று. இன்னொரு சுண்டு. தொம். ஐந்து நிமிஷம் போயிருக்கும், சுண்டினாள் பாருங்கள், ‘டண்’ என்று தெருவே திரும்பியது! “நம்ம ஊர்ல பறையைத் தீயில காய்ச்சுவாங்கல்ல அத்தை, அதேதான்” என்றாள் அண்ணன் மகள். சருகுத் தீயைச் சுற்றி உட்கார்ந்து பறை காய்ச்சுகிற நம் ஊர்க் காட்சி அந்தப் பனியில் எனக்கு அப்படியே வந்து நின்றது.

இந்த வருஷம் மூன்று நாடகங்கள். விடுதிப் பெண்களை இருட்டுவதற்குள் உள்ளே அடைக்கிற நேரக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பத்து நிமிஷ நாடகம் ஒன்று. 2015-இல் இங்கே ‘பிஞ்சரா தோட்’, அதாவது கூண்டை உடை, என்று பெண்கள் தொடங்கிய இயக்கத்தின் சூடு அதில் இன்னும் இருக்கிறது. மேடைக்கு விஜய் டெண்டுல்கர் மராத்தியில் எழுதிய ‘ஷாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’, இந்தியில். விளையாட்டாக நடத்துகிற ஒரு பொய் விசாரணை, லீலா பேணாரே என்கிற ஆசிரியையின் அந்தரங்கத்தை எப்படிக் கிழிக்கிறது என்பதுதான் கதை. பேணாரேயாக நடிக்கிற பெண், கடைசிப் பேச்சை ஒத்திகையில் ஒரு தடவைகூட முழுக்குரலில் பேசவில்லை. முணுமுணுக்கத்தான் செய்வாள். அதைக் கேட்டே எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் என் மனசு முழுக்க மூன்றாவதில்தான். சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிற தொழிலாளர்களைப் பற்றிய தெருமுனை நாடகம்.

குழியை எப்படிக் காட்டுகிறார்கள் தெரியுமா? ஒரு சாமான் கிடையாது. எட்டுப் பேர் தோளோடு தோள் ஒட்டி வட்டமாகக் குனிகிறார்கள், முதுகுகள்தான் தரை. நடுவில் உள்ள இடைவெளிதான் குழி வாய். இன்னொருவன் இரண்டு கைகளையும் அதன் மேல் விரித்தால் மூடி! மூடி திறந்ததும் சுற்றியிருக்கிற அத்தனை பேரும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்துகிறார்கள். பார்க்கிற நம் கையும் தானாக மூக்குக்குப் போகிறது. எனக்குப் போனது.

இதைத்தான் சாச்சா வந்து ஒரே வார்த்தையில் மாற்றினார்.

சாச்சா ஒரு மாணவனின் தெருக்காரர். பல வருஷம் கான்ட்ராக்டரிடம் குழி இறங்கும் வேலை பார்த்தவர், இப்போது விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் அவரைக் கூட்டி வந்தார்கள். மஃப்ளரைக் காது வரை சுற்றிக்கொண்டு, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி முழுசாகப் பார்த்தார். முடிந்ததும் முப்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு, உள்ளே இறங்குகிறவனாக நடித்த பையனைப் பார்த்து, “நீ ஏன் மூக்கைப் பொத்துறே? பொத்துறவன் மேலே நிக்கிறவன். இறங்குறவனுக்கு ரெண்டு கையும் வேணும்” என்றார்.

யாரும் அசையவில்லை. இயக்குநர் பெண் அப்படியே புல்லில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் ஒத்திகையே இல்லை. சாச்சா பேசினார், பிள்ளைகள் எழுதினார்கள். மூடியைத் திறந்ததும் கரப்பான்பூச்சி உயிரோடு ஓடுகிறதா என்று பார்ப்பார்களாம். ஓடினால் உள்ளே காற்று இருக்கிறது என்று கணக்கு. “நாத்தம் அடிச்சா பயமில்ல. திடீர்னு நாத்தமே இல்லைன்னா ஏறிடணும்” என்றார். வேதியியல் படிக்கிற பெண் ஒருத்தி துள்ளி எழுந்தாள்: ஹைட்ரஜன் சல்ஃபைடு! கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை வாடை. அளவு கூடினால் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். சாச்சாவின் அனுபவமும் அவள் பாடப் புத்தகமும் அந்தப் புல்வெளியில் கைகுலுக்கிக்கொண்டன. எனக்குப் புல்லரித்துவிட்டது.

கடைசியாக அவர் சொன்னதுதான் நாடகத்தின் முதுகெலும்பு ஆனது. மேலே கயிறு பிடிப்பவன் நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் கொடுப்பானாம்: “இருக்கியா?” உள்ளேயிருந்து பதில் வர வேண்டும்: “இருக்கேன்.” பதில் வராவிட்டால் மேலே நிற்கிறவன் யோசிக்காமல் குதிப்பான். அவனும் விழுவான். இப்படித்தான் ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர்.

அன்று ராத்திரியே ஸ்கிரிப்ட் மாறியது. மூக்குப் பொத்தல் மேலே நிற்பவர்களுக்கு மட்டும். மஞ்சள் துப்பட்டாக்களை முடிச்சுப் போட்டு ஒரு கயிறு, அதில் நாலு முடிச்சு. இறங்குகிறவன் ஒவ்வொரு முடிச்சாகக் கையில் வாங்கும்போது கோரஸ் ஒரு வருஷத்தைக் கத்துகிறது. 1993: மனிதக் கழிவை மனிதன் அள்ளத் தடைச் சட்டம். 2013: சாக்கடைக் குழியையும் சேர்த்துப் புதுச் சட்டம். 2014: குழியில் இறந்தவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் தரச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2023: அதுவே 30 லட்சம். நாலாவது முடிச்சில் கயிறு தொய்கிறது. டப்லி நிற்கிறது. “இருக்கியா?”

இந்தப் பிள்ளைகள் யார் தோளில் நிற்கிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1973-இல் டெல்லியில் பிறந்த ஜன நாட்டிய மஞ்ச், 1978-இல் பதின்மூன்று நிமிஷ ‘மெஷின்’ நாடகத்தோடு தெருவுக்கு வந்தது. அதன் உயிர்நாடி சஃப்தர் ஹாஷ்மி. இதே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தவர். 1989 ஜனவரி 1 அன்று, சாஹிபாபாத் அருகே ஜண்டாபூரில் ‘ஹல்லா போல்’ நடித்துக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். வயது 34. ஜனவரி 4 அன்று அவர் மனைவி மொலோயஸ்ரீயும் குழுவும் அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முழுசாக நடித்துவிட்டு வந்தார்கள். இதைச் சொல்லும்போது ஒரு முதலாமாண்டுப் பையனின் குரல் நடுங்கியது. அவன் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால் நடந்தது அது!

போட்டி நாள். மதியம் இரண்டு மணி, வெயில் வந்துவிட்டது. டப்லிக்கு அடுப்பு தேவைப்படவில்லை. கறுப்புக் குர்தா, மஞ்சள் துப்பட்டா. ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துத் தலைகளை ஒன்றாக முட்டி ஒரு நிமிஷம் நின்றார்கள். நான் அந்த வட்டத்துக்கு ஓரடி தள்ளி நின்றேன், எனக்கே நெஞ்சு படபடத்தது. பிறகு வாருங்கள், வாருங்கள், நாடகம் பாருங்கள் என்று கூவிக்கொண்டே வளாகம் முழுக்க ஓடி ஆள் சேர்த்தார்கள். பத்தே நிமிஷத்தில் கேன்டீன் காலி! முன்வரிசையில், அதே மஃப்ளரோடு சாச்சா.

கயிறு தொய்ந்த இடத்தில் ஒத்திகையில் எட்டு எண்ணும் வரை மௌனம் வைத்திருந்தார்கள். அன்று நான் பதினைந்து வரை எண்ணினேன். ஒரு செல்போன் கூட ஒலிக்கவில்லை. “இருக்கியா?” இரண்டாவது தடவை. “இருக்கியா?” மூன்றாவது. குனிந்திருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. குழி இருந்த இடத்தில் வெறும் புல்.

இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த நாளின் முதல் நாடகம் இதுதான்; சாச்சாவும் அதையேதான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தெருவில் நடிக்க வேண்டும் என்று அங்கேயே தேதி குறித்துவிட்டார். டெண்டுல்கர் நாடகம் அதற்கு அடுத்த வாரம், மண்டி ஹவுஸ் பக்கம் ஸ்ரீராம் சென்டரில். அந்தச் சாலைக்கு இப்போது சஃப்தர் ஹாஷ்மி பெயர்தான்.

ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் டெல்லி வந்தால் ஒரு மதியத்தை வடக்கு வளாகத்துக்கு ஒதுக்குங்கள். கையில் ஓர் அடையாள அட்டை இருக்கட்டும், கேட்டில் கேட்பார்கள். டப்லிச் சத்தம் வருகிற பக்கம் நடந்தால் போதும். முன்வரிசை தரைதான், சில்லென்று இருக்கும், உட்கார ஒரு பழைய நியூஸ்பேப்பர் எடுத்துப் போங்கள்.