வெற்றுக் கோப்பில் வீட்டுக் குறிப்புகள்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குக் குறித்து வைக்க வேண்டிய சங்கதிகள் அதிகம். குலதெய்வக் கோயிலுக்கு எந்த ஊரில் இறங்க வேண்டும், பூர்வீக நிலத்தின் சர்வே எண் என்ன, பாட்டி சொல்லும் 'அங்கணம்', 'ஏனம்' என்றால் என்ன? எல்லாம் பெரியவர்கள் தலைக்குள்ளேயே இருக்கின்றன. கேட்க ஆளில்லாத நாளில்தான் "அடடா!" என்று தோன்றும்.

இவற்றை எழுதி வைக்க நான் சொல்வது உரைத்தொகுப்பி. எழுத்துகளை மட்டும் சேமிக்கும் எளிய மென்பொருள் அது. விண்டோஸில் நோட்பேட், லினக்ஸ் பழகியவர்களுக்கு விம், ஈமாக்ஸ். அலங்காரம் கிடையாது. அதனாலேயே அந்தக் கோப்பை எந்தக் கணினியிலும் திறக்கலாம்.

தமிழுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 1990களில் பல எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறையில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கடிதத்தைத் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். 1991இல் வெளிவந்த யூனிகோடு தரம் தமிழ் எழுத்துகளுக்கு நிலையான எண்களைத் தந்தது. ஆகவே யூனிகோடில் தட்டச்சு செய்து, 'யுடிஎஃப்-8' முறையில் சேமியுங்கள். 2019 முதல் விண்டோஸ் 10 நோட்பேடில் இது தானாகவே அமைகிறது. அதற்கு முந்தையதில் 'ஆன்சி' என்று விட்டுவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

எப்படித் தொடங்குவது? ஒரே ஒரு கோப்பு போதும். நோட்பேடில் முதல் வரியில் ஒரு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எல், ஓ, ஜி என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகளை அடித்துச் சேமியுங்கள். அப்புறம் திறக்கும்போதெல்லாம் கடைசியில் தேதியும் நேரமும் தானே வந்து நிற்கும். அதன் கீழே இப்படி எழுதலாம்:

#சொல் ஏனம் - பாத்திரம். சொன்னவர்: அத்தை.

#சொல், #உறவு, #சமையல் என்று நாலைந்து அடையாளங்கள் போதும். கன்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தித் தேடினால் வேண்டியது கிடைத்துவிடும். தொடக்கத்திலேயே பத்துக் கோப்புறை பிரிக்கப் போனால் அலுத்துப்போகும். அடையாளத்தை மட்டும் எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். மாறினால் தேடலில் அகப்படாது.

'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட்டுதான். ஆயுள் முழுதும் எழுதினாலும் மின்னஞ்சலில் அடங்கும். மாதம் ஒருமுறை உடன்பிறந்தவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். யாரும் திறந்து படிக்கலாம் என்பதால் வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் இதில் எழுதாதீர்கள்.

தமிழ் பேசத் தெரிந்து, எழுதத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. ஆங்கில விசைகளில் ஒலியை அடித்தால் தமிழாக மாற்றித்தரும் வசதி இருக்கிறது. பாட்டி சொல்லட்டும், பேத்தி அடிக்கட்டும். குறிப்பும் சேரும், எழுத்தும் பழகும். இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் மூன்று வரிகளைப் போட்டுவிடுங்களேன்!